காணொளியும் கட்டளையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இசையும் கூத்தும் நிறைந்த இவ்விழாவிடையே கணிப்பொறி பற்றிய பேச்சுக்கும் இடம் ஒதுக்கிய சங்கத்தார்க்கு நன்றி. காணொளிக் கோப்புகளைக் கட்டளை வரிகளால் வெட்டுதல், இணைத்தல், வடிவம் மாற்றுதல் ஆகியவையே யாம் எடுத்துக்கொண்ட பொருள். இது தொழில் வல்லார்க்கு மட்டும் உரியது என்று தோன்றலாம். ஆயினும் இத்தீவுகளில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இதனால் ஆகவேண்டிய காரியம் ஒன்று உண்டு.

நாம் இங்கு வந்து சேர்ந்த வழிகள் பல. தமிழ்நாட்டிலிருந்து தொழில் நாடியும் அரசுப்பணி ஏற்றும் வந்தோர் உளர். பர்மாவிலிருந்து பெயர்ந்து வந்தோர் உளர். 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து வந்து, கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டங்களில் குடியேறியோரும் உளர். இவ்வரலாற்றின் பெரும்பகுதி நம் முதியோரின் நினைவிலேயே வாழ்கின்றது. அவர்தம் முகமும் குரலும் திருமண வீடியோ கேசட்டுகளிலும், குறுந்தட்டுகளிலும், பழுதடைந்த செல்பேசிகளிலும் சிதறிக் கிடக்கின்றன.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, கச்சால் உள்ளிட்ட நிக்கோபார்த் தீவுகளில் எண்ணற்ற உயிர்களைக் கவர்ந்து சென்றது. அவ்விழப்பின் முன் பிறவெல்லாம் சிறியனவே. ஆயினும் வீட்டோடு நிழற்படங்களும் நாடாக்களும் போனபோது, மறைந்தோரை மீண்டும் ஒருமுறை காணும் வழியும் அடைபட்டுப் போயிற்று. அன்று கடல் ஒரே காலையில் செய்ததை, ஈரக்காற்று ஆண்டுக்கணக்கில் மெல்லச் செய்து வருகின்றது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இம்மண்ணில், காந்த நாடாவில் பூசணம் படர்வதைத் தடுத்தல் எளிதன்று. 1976 இல் ஜப்பானில் அறிமுகமான வி.எச்.எஸ். நாடாவை ஓட்டும் பொறிகளைக் கடைசி வரை செய்துவந்த நிறுவனமும் 2016 இல் அத்தொழிலை நிறுத்திவிட்டது. ஆதலின் இருக்கும் பொறிகள் ஓடும் காலத்திலேயே, நாடாவிலுள்ளவற்றைக் கோப்புகளாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

கோப்பாக மாற்றியபின் எழும் இடர் வேறு. எம்பி4, எம்கேவி, ஏவிஐ என்று நாம் கேள்வியுறும் பெயர்கள் பெட்டகங்களின் பெயர்களே. பெட்டகத்தினுள் படத்துக்கு ஓர் ஓடையும் ஒலிக்கு ஓர் ஓடையும் தனித்தனியே இருக்கும். அவ்வோடைகளைச் சுருக்கி வைக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். 2003 இல் வந்த எச்.264, 2013 இல் வந்த எச்.265 ஆகியன அத்தகைய முறைகள். ஒரு பொறியில் ஓடும் படம் மற்றொன்றில் ஓடாமைக்குப் பெட்டகமோ, உள்ளிருக்கும் ஓடையோ காரணமாகலாம். எது காரணம் என்று அறிந்த பின்னரே மருந்து தேடுதல் முறை.

சுருக்குவது ஏன் என்று கேட்பீராயின், கணக்கைக் காண்க. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம் ஒன்றுக்கு, புள்ளிக்கு 3 பைட்டாக 62 இலட்சம் பைட்டுகள் வேண்டும். நொடிக்கு 25 படங்கள் எனின், ஒரு நொடிக்கே 15 கோடிப் பைட்டுகளுக்கு மேல் ஆகும். பத்து நிமிட நாட்டியம் 93 கிகாபைட்டை விழுங்கிவிடும். ஆகவே, கண் எளிதில் உணராத நுணுக்கங்களைக் கழித்துச் சுருக்குகின்றனர். கழித்தவை மீண்டும் வாரா. சுருக்கியதை மறுபடி சுருக்கினால் மேலும் சில கழியும்.

நம் முன்னோர் ஏடு பெயர்த்தெழுதிய வரலாற்றை ஈண்டு நினைத்தல் தகும். ஓலை சிதையுமுன் புதிய ஓலையில் படியெடுத்தனர். அதனாலன்றோ பழந்தமிழ் நூல்கள் நம் கைக்கு வந்தன! ஆயினும் படியெடுக்குந்தோறும் சில எழுத்துகள் பிறழ்ந்து பாடவேறுபாடுகள் பெருகின. 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஏடு பலவற்றை ஒப்புநோக்கி மெய்யான பாடத்தைத் தேடவேண்டியிருந்தது. மீண்டும் மீண்டும் சுருக்கப்படும் காணொளிக்கும் இந்நிலையே நேர்கின்றது. செய்தி அனுப்பும் செயலிகள் சில, தம் வழியே செல்லும் படத்தைத் தாமே சுருக்கிவிடுகின்றன. பாட்டியின் முகம் கைக்குக் கை மாறிக் கலங்கிப் போவது இவ்வாறுதான்.

இதற்குத் துணையாவது எஃப்எஃப்எம்பெக் என்னும் கருவி. பிரான்சு நாட்டு அறிஞர் ஃபாப்ரீஸ் பெல்லார் 2000 இல் தொடங்கிய இதனைப் பலர் கூடி இன்றும் வளர்த்து வருகின்றனர். விலையின்றிக் கிடைப்பது, இதன் நிரல்களை எவரும் படித்துப் பார்க்கலாம். நம்மிற் பலர் கணிப்பொறியில் படம் பார்க்கப் பயன்படுத்தும் விஎல்சி மென்பொருளும் இதன் நூலகங்களைத் துணைக்கொண்டே இயங்குகின்றது.

இக்கருவிக்குப் பொத்தான்களும் வண்ணச் சாளரங்களும் இல. வேண்டுவதை ஒரு வரியில் எழுதிப் பணித்தல் வேண்டும். இதனைக் குறையாகக் கொள்ளற்க. நினைவகம் குறைந்த பழைய கணிப்பொறியிலும் இது ஓடும். ஒருமுறை நிறுவியபின் இணையம் வேண்டாது. ஹட்பேயில் ஒருவர் எழுதிக் கண்ட வரியைத் தாளில் எழுதிக் கப்பலில் அனுப்பினாலும், கேம்பெல்பேயில் இருப்பவர் அவ்வாறே தட்டி அதே பயனைப் பெறலாம்.

கட்டளையின் அமைப்பு எளிது. முதலில் கருவியின் பெயர், பின் கழித்தற்குறியோடு ‘ஐ’ என்னும் ஆங்கில எழுத்தும், மூலக் கோப்பின் பெயரும், அடுத்து செய்யவேண்டியது, ஈற்றில் புதிய கோப்பின் பெயர். இவ்வளவே இலக்கணம்.

முதலாவது பணி, பெட்டகம் மாற்றுதல். செய்யவேண்டியது என்னும் இடத்தில் கழித்தற்குறியோடு ‘சி’ என்ற எழுத்தையும், ‘காப்பி’ என்ற சொல்லையும் இடுக. ஓடைகள் சிறிதும் மாறாமல் புதிய பெட்டகத்துள் சென்று அமரும். புதிதாய்ச் சுருக்குதல் இல்லாமையால் தரம் குன்றாது. நீண்ட படமும் விரைவில் முடியும். ஏடு பெயர்த்தோர்க்குக் கிட்டாத பேறு இது: எழுத்துப் பிறழாத படி! எல்லாப் பெட்டகமும் எல்லா ஓடைகளையும் ஏற்பதில்லை என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

இரண்டாவது, வெட்டுதல். தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் குறித்தால் வேண்டிய பகுதி மட்டும் கிட்டும். மூன்று மணி நேர விழாவிலிருந்து உங்கள் மகள் ஆடிய ஐந்து நிமிடங்களை இங்ஙனம் பிரிக்கலாம். ‘காப்பி’ முறையில் வெட்டும்போது, சுருக்கப்பட்ட படங்களிடையே முழுமையாய்ப் பதிந்த படம் உள்ள இடத்திலிருந்தே தொடக்கம் செம்மையாக அமையும். ஆதலின் சில நொடிகள் முன்னதாகவே வெட்டுதல் நன்று. ஒரே வகையிற் பதிவான துண்டுகள் பலவற்றின் பெயர்களைப் பட்டியலிட்டுத் தந்தால், அவற்றை வரிசைப்படி இணைக்கவும் கருவி அறியும்.

மூன்றாவது, அனுப்புதற்காகச் சுருக்குதல். நொடிக்கு 8 மெகாபிட் வீதம் பதிவான மூன்று மணி நேர விழா 10.8 கிகாபைட் ஆகும். அதனை 2 மெகாபிட்டாக்கினால் 2.7 கிகாபைட், பேச்சொலியை மட்டும் பிரித்து 64 கிலோபிட்டில் வைத்தால் 86 மெகாபைட்டே. எச்.264 முறையில் தரத்தை 0 முதல் 51 வரையுள்ள எண்ணாலும் பணிக்கலாம். எண் குறையத் தரம் உயரும், கோப்பும் பெருக்கும். நாம் ஒன்றும் கூறாவிடின் கருவி 23 என்று கொள்ளும்.

இவை அனைத்தினும் தலையாயது ஒன்றுண்டு. சுருக்கிய படி கையில் இருக்கிறதென்று மூலத்தை அழித்தல் கூடாது. கருவி தானாக மூலக் கோப்பைத் தொடுவதில்லை. வெளியீட்டின் பெயரில் வேறு கோப்பு முன்பே இருப்பின், அதன்மேல் எழுதலாமா என்று நம்மைக் கேட்டே செய்யும். இடம் போதவில்லை என்று மூலத்தை அழிப்பவர் நாமே. நாடாவிலிருந்து புதிதாய் எடுப்போர், எதையும் கழிக்காமல் சுருக்கும் எஃப்எஃப்வி1 முறையில் மூலத்தை வைத்தல் சாலச் சிறந்தது. ஆவணக் காப்பகங்கள் விரும்பும் அம்முறை, 2021 இல் இணையத் தர ஆவணங்களிலும் இடம்பெற்றது. உறவினர்க்கு அனுப்ப அதிலிருந்து சிறுபடி எடுத்துக்கொள்க.

மூலத்தையும் ஓரிடத்தில் மட்டும் வைத்தலாகாது. ஓர் அலை வந்தால் என்னாகும் என்பதை நாம் கற்றோம். 2020 ஆகஸ்டு 10 அன்று, சென்னையையும், பின்னர் 2024 இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேயரையும், வேறு ஏழு தீவுகளையும் இணைக்கும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடி இழைவடம் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்கு முன் செயற்கைக்கோள் வழியையே நம்பியிருந்தோம். இன்று பெருங்கோப்பையும் மறுகரைக்கு அனுப்ப இயலும். அவசரமற்றவற்றை வன்தட்டில் ஏற்றி ஊர் செல்வோரிடம் கொடுத்தனுப்பலும் தகும். ஒரு படி இங்கும், ஒரு படி தாய்நிலத்து உறவினர் வீட்டிலும் இருத்தல் வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதை எக்கருவியாலும் நமக்குக் கூற இயலாது. அதனைக் கூறவல்லார் இன்று இம்மண்டபத்தின் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதியோரே. இளைஞர்களே! வரும் விடுமுறையில் ஒரு நாடாவை எடுங்கள், கோப்பாக்குங்கள், பாட்டன் பாட்டியருடன் அமர்ந்து அதனைக் காணுங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களைச் சிறு குறிப்பாக எழுதி அக்கோப்போடு சேர்த்து வையுங்கள். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அவர்கள் சுமந்துவந்த நினைவு, பெயரற்ற முகங்களாய் எஞ்சிவிடாமல் காக்கும் கடப்பாடு நம்முடையது.