மீத்திறன் குழந்தையை அறிய எவ்வளவு செலவாகும்?

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்கநிலை ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



மெல்லக் கற்போரைப் பற்றி இந்த அறையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று மறுமுனையில் இருக்கும் குழந்தையைப் பற்றிப் பேசுவோம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பெற்றோர் இப்போது நம்மிடம் கேட்கும் கேள்வி இது: "எம் புள்ள ரொம்பக் கெட்டிக்காரியா இருக்கா டீச்சர். ஐ.க்யூ. டெஸ்ட் எங்க எடுக்கலாம்? எவ்வளவு ஆகும்?"

நாம் பதில் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். தையல் வேலை செய்யும் ஒரு தாய், மகளின் பத்து விரல் ரேகையையும் பதிய வைத்து, கணிதம் இத்தனை சதவீதம், இசை இத்தனை சதவீதம் என்று ஒரு வண்ண அறிக்கையை வாங்கி வந்து என்னிடம் காட்டினார். கட்டணம் அவருடைய மாத வருமானத்தில் பாதி. விரல் ரேகையைக் கொண்டு அறிவுத்திறனை அளக்க அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. இதைப் பெற்றோர் கூட்டத்தில் தெளிவாகச் சொல்லுங்கள்.

உண்மையான சோதனை எப்படி இருக்கும்? பயிற்சி பெற்ற உளவியலாளர் ஒரு குழந்தையைத் தனியாக உட்கார வைத்து, ஒரு மணி நேரம் போலக் கேள்வி கேட்டும், கட்டைகளை அடுக்கச் சொல்லியும் பார்ப்பார். பினே-காமத் சோதனையும் மாலின் சோதனையும் இந்தியக் குழந்தைகளுக்காகத் தகவமைக்கப்பட்டவை. மாலின் சோதனை 6 முதல் 15 வயது வரை உள்ளவர்களுக்கானது. சோதிப்பவர் ஆர்.சி.ஐ. பதிவு பெற்றவரா, குழந்தை வீட்டில் பேசும் மொழியில் சோதிப்பாரா என்று பெற்றோர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செலவில்லாமல் வழிகாட்டுதல் பெற, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தையும் அணுகலாம். ஆனால் அந்த மையத்தின் முதல் வேலை குறைபாடுகளைக் கண்டறிந்து உதவுவது. வெறும் ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ளப் போனால், வரிசையில் நிற்கும் இன்னொரு குழந்தையின் நேரத்தை எடுத்துக்கொள்கிறோம். வயதை மீறிப் பேசும் குழந்தைக்கு எழுத்து ஏறவில்லை, நன்றாக இருந்த குழந்தை திடீரெனப் பின்தங்குகிறது என்றால் அவசியம் அனுப்புங்கள். அதற்கு முன் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றக் குழந்தைகளுக்கு எண் எதற்கு? பள்ளியில் சேர்க்கத் தேர்வு வைக்கவே கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு. 1905இல் பாரிசில் ஆல்பிரட் பினே முதல் சோதனையை உருவாக்கியதும், யாருக்குக் கூடுதல் உதவி தேவை என்று அறியத்தான். பின்னாளில் அமெரிக்காவில் டெர்மன் அதே வழிச் சோதனையால் மேதைக் குழந்தைகளைத் தேடினார். அப்போது தேர்வாகாமல் விடுபட்ட இருவர், ஷாக்லியும் ஆல்வாரஸும், பிறகு இயற்பியலில் நோபல் பரிசு பெற்றார்கள். ஆறு வயதில் எடுத்த ஒரு மதிப்பெண் ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடாது.

நம்மிடம் வேறொரு சோதனை இருக்கிறது. செலவு, ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆறு வாரம், தேதி போட்டு, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். 'புத்திசாலி' என்று எழுத வேண்டாம். குழந்தை என்ன கேட்டது, விடைக்கு எப்படி வந்தது, எத்தனை முறை சொன்னபின் புரிந்தது என்று எழுதுங்கள்.

என் இரண்டாம் வகுப்பில் ஐந்து புளியங்கொட்டையையும் சிவப்பு, நீலக் கிண்ணங்களையும் கொடுத்து, "எத்தனை விதமாகப் போடலாம்?" என்று கேட்டேன். பலர் நான்கு என்றார்கள். பேசாமல் கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி, "ஒரு கிண்ணம் காலியா இருக்கலாமா டீச்சர்?" என்றாள். இருக்கலாம் என்றதும், "அப்ப ஆறு. கொட்டை ஆறுன்னா ஏழு" என்றாள். அவள் ஆறு கொட்டையை எடுத்துப் போட்டுப் பார்க்கவே இல்லை. அவளுடைய கையெழுத்து கோணல். வீட்டில் பேசுவது வேறு மொழி. மதிப்பெண் பட்டியலில் அவள் நடுவில்தான் இருந்தாள். இப்படிப்பட்ட குழந்தைகள்தான் நம் கண்ணுக்குத் தப்புகிறார்கள். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுச் சேட்டை செய்பவனும் அப்படித்தான்.

கண்டறிந்தபின் செய்ய வேண்டியது எளிது. தெரிந்த கணக்கையே இன்னும் இருபது போடச் சொல்லாதீர்கள். கடினமான ஒன்றைக் கொடுங்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பித்த நமக்கு இது புதிதல்ல. மலருக்கு அடுத்த படியையும் நாம் யோசிக்க வேண்டும், அவ்வளவுதான். நூலகப் புத்தகத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஆண்டு முடிவில் அந்த நோட்டை அடுத்த வகுப்பு ஆசிரியரிடம் ஒப்படையுங்கள்.

என்.எம்.எம்.எஸ். தேர்வு எட்டாம் வகுப்பில்தான் வருகிறது. வென்றால் ஆண்டுக்கு 12,000 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு வரை. ஆனால் அதற்கு முன் ஏழு ஆண்டுகள் இருக்கின்றன. தெரிந்ததையே கேட்டுக்கேட்டு யோசிப்பதை விட்டுவிட்ட குழந்தை, அந்தத் தேர்வு அறைக்குள் போனாலும் பயனில்லை. வசதியுள்ள வீடு அந்த ஏழு ஆண்டுகளுக்குப் புத்தகமும் பயிற்சியும் வாங்கிக் கொடுத்துவிடும். நம் குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க நாம்தான் இருக்கிறோம்.

ஆகவே, அடுத்த முறை ஒரு தாய் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால், "ஆறு வாரம் பொறுங்கம்மா, நான் பார்த்துச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி பார்த்தும் சொல்லுங்கள்.