கல்லில் தெரியும் படிநிலை



தஞ்சைப் பெரிய கோயிலைக் காணச் செல்வோர் முதலில் தலை நிமிர்கின்றனர். 216 அடி உயர விமானம் அவ்வாறு நிமிரச் செய்யவே எழுந்தது. அரசனின் ஆற்றலை அறிய அது போதும். அச்சமுதாயத்தின் அடுக்குகளை அறிய விரும்புவோர் பார்வையைத் தாழ்த்திச் சுவர்களைப் படித்தல் வேண்டும்.

1010-ஆம் ஆண்டில் விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் அளித்த முதலாம் இராசராசன், தன் கொடைகளோடு பிறர் கொடைகளையும் கல்லில் வெட்டச் செய்தான். அது பெருந்தன்மையே. ஆயினும் எவர் கொடை எங்கே வெட்டப்பட்டது என்பதை நோக்குக. அரசனுடையனவும் அவன் தமக்கை குந்தவையுடையனவும் நடு விமானத்தில் உள்ளன. தேவியரும் அதிகாரிகளும் அளித்தவை திருச்சுற்று மாளிகையின் மாடங்களிலும் தூண்களிலும் உள்ளன. தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பட்டியலோ திருச்சுற்றின் புறச்சுவரில் உள்ளது. கருவறையிலிருந்து விலகும் தொலைவே தகுதியை அளக்கும் கோலாகிறது.

அப்பட்டியல் வியப்புக்குரியது. எந்தச் சிறகில் எத்தனையாம் வீடு, எவ்வூர்க் கோயிலிலிருந்து வந்தவர் என்பதெல்லாம் அதில் உண்டு. ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்தது பெரும்பேறு. ஆனால், அவர்கள் வர விரும்பினரா என்பதைக் கல் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய செய்தியாக அரசுக்குத் தோன்றவுமில்லை.

கோயிலை எழுப்பிய குஞ்சரமல்லன் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. இராசராசப் பெருந்தச்சன் என்னும் பட்டத்தோடு, அதாவது அரசன் பெயரை அணிந்தே அவன் கல்லில் நிற்கிறான்.

இன்னும் கீழே செல்வோம். கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களில் வரி நீங்கிய நிலங்கள் கணக்கிடப்படுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணசேரியும் பறைச்சேரியும் வருகின்றன. பெருந்தச்சனுக்குப் பட்டம் கிடைத்தது; அவன்போல் கைத்தொழில் செய்தோரின் சேரி நிலக்கணக்கில் ஒரு சொல்லாயிற்று. சேற்றில் நின்று அந்நெல்லை விளைவித்தோரின் சேரியும் அவ்வாறே.

இவ்வாறு படிப்பது கலையைச் சிறுமைப்படுத்தும் என்பார் உளர். அன்று. விமானத்தின் அழகு குறையப்போவதில்லை. அதைத் தாங்கி நிற்கும் அடித்தளத்தில் கல் மட்டும் இல்லை, மனிதரும் உளர் என்பதை உணர்ந்து வியக்கும் வியப்பே முழுமையானது. மன்னன் பெயரைச் சொல்லிப் பெருமிதம் கொள்ளும் நாம், பறைச்சேரி என்னும் சொல்லின் முன்னும் சற்றே நின்று செல்வோமாக.