எந்தப் பதிப்பைத் தேர்வது?

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில், வேப்பூரில் ஆற்றிய உரை)

'கவிதையும் கணினியும்' என்னும் பொருளில் பேசுமாறு பணித்தீர்கள். பரந்த அப்பொருளை ஒரு சிறு கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். நம் வட்டத்தின் தொகுப்புகள் பேஜ்மேக்கர் என்னும் பழைய மென்பொருளில், பழைய எழுத்துருக்களில் உருவானவை. இனிப் புதிய மென்பொருளுக்கு மாற வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை. எதன் எந்தப் பதிப்புக்கு மாறுவது என்பதில்தான் வேறுபடுகிறோம். இது ஒளியச்சுக் கூடத்தார் கவலை என்று சிலர் கருதலாம். பத்தாண்டுக் கவிதைகள் எஞ்சுமா என்பதே இதில் அடங்கியிருப்பதால், இது கவிஞர்களின் கவலையும் ஆகும்.

தமிழில் நூலின் வடிவத்தையும் பதிப்பு என்கிறோம். மென்பொருளின் வடிவத்தையும் பதிப்பு என்கிறோம். இச்சொல்லொற்றுமை நமக்குக் கைகொடுக்கிறது. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடம் தேர்ந்தார். ஏட்டின் வயதொன்றே பாடத்தின் தகுதியை முடிவு செய்வதில்லை என்பது பதிப்பியல் பயின்றோர் அறிந்தது. மென்பொருளுக்கும் அவ்வளவுகோல் பொருந்தும்.

முதலில் நோயை அறிவோம். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று அடிக்கிறோம். கணினி தன் நினைவில் வைத்துக்கொள்வதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் உரோமன் குறிகளை. அவற்றின் மேல் தமிழ் வடிவம் ஒரு போர்வையாகக் கிடக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் போர்வை நழுவிவிடும். அம்மா மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள் தோன்றும். எழுத்துருவுக்கு எழுத்துரு இக்குறிகள் வேறுபட்டன. இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாக டாம், டாப் என்னும் குறியாக்கங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான ஒருங்குறியின் முதற் பதிப்பு 1991இலேயே தமிழுக்கு இடம் தந்திருந்தது. 2010இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்தது.

அவ்வாறாயின் நூல் அச்சிடுவோர் ஏன் பழையதிலேயே நின்றனர்? பேஜ்மேக்கர் ஒருங்குறியை அறியாது. 2001இல் வந்த 7.0 அதன் இறுதிப் பதிப்பு. அதன் வழித்தோன்றலான இன்டிசைன் 1999இலேயே வந்துவிட்டது. எனினும் தமிழ் எழுத்துக்களைச் சிதைக்காமல் கோத்து வரிசைப்படுத்தும் வசதி, 2012இல் வந்த அதன் சி.எஸ்.6 பதிப்பில்தான் எளிதில் கைக்கு எட்டியது. இடைப்பட்ட காலத்தில் கொம்பும் காலும் இடம் தவறி விழும் ஒருங்குறியைவிட, நேராக நிற்கும் பழைய எழுத்துருவே மேல் என்று ஒளியச்சர்கள் கருதினர். அவர்களைக் குறை கூறுதல் தகாது.

இன்று நம்முன் இரு கருத்துகள் உள்ளன. பழையதிலேயே இருப்போம் என்பது ஒன்று. பேஜ்மேக்கர் இயங்கும் பழைய கணினி பழுதுறும் நாளில் அக்கருத்தும் பழுதுறும். ஆகப் புதிய பதிப்பை வாங்கிவிடுவோம் என்பது மற்றொன்று. கேட்க இனிமையாயினும் இதில் ஓர் இடர் உண்டு. இன்டிசைனின் சி.எஸ்.6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். அதற்குப் பின்வந்த சி.சி. பதிப்புகளில் அவ்வசதி இல்லை. ஆகப் புதியதற்கு நேரே தாவினால், நம் தொகுப்புகளின் பக்கங்கள் அக்கதவுக்கு வெளியே நின்றுவிடும்.

ஆகவே இருபுறமும் வாயில் உள்ள பதிப்பே நமக்கு வேண்டியது. பழைய கோப்பைத் திறக்கவும் தமிழ் ஒருங்குறியைக் கோக்கவும் அறிந்த சி.எஸ்.6 அத்தகையது. அதை ஓர் இடைகழி எனலாம். நம் பக்கத்துத் திருக்கோவலூரில் முதலாழ்வார் மூவரும் சந்தித்ததாகச் சொல்லப்படும் இடம் இடைகழிதானே! அங்கே குடியிருக்க முடியாது. ஆனால் தெருவிலிருந்து வீட்டுக்குள் செல்ல அதைக் கடந்தாக வேண்டும். சி.எஸ்.6 இப்போது விற்பனையில் இல்லை. முன்பே உரிமம் பெற்று வைத்திருக்கும் ஒளியச்சுக் கூடங்களை நாடி, அக்கணினிகள் இயங்கும்போதே இப்பணியை முடித்துக்கொள்ள வேண்டும். புதிய நூல்களுக்குப் பணம் கொடுத்து வாங்க இயலாதோர், இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருளைக் கொள்ளலாம். அதிலும் பதிப்பு கருதத்தக்கது. பழைய 1.4இல் தமிழ் சிதையும். 2024இல் நிலைப்பதிப்பாக வந்த 1.6இல் சிதையாது.

கோப்பு திறந்தவுடன் பணி முடிந்ததாகக் கொள்ளற்க. பக்கம் திறக்கும், உள்ளே இருப்பது அதே உரோமன் குறிகள்தாம். மாற்றி என்னும் கருவியால் அவற்றை ஒருங்குறியாக்க வேண்டும். இங்கேதான் பாடபேதம் பிறக்கிறது. பழைய தட்டச்சில் பலர் 'ர்' என்பதற்குக் காலின்மேல் புள்ளியிட்டனர். மாற்றியபின் 'அவர்' என்னும் சொல் கண்ணுக்கு அவராகவே தோன்றும்; தேடினால் கிட்டாது. ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக அடித்திருந்தால், ஔவையைத் தேடுவோர்க்கு ஔவை அகப்படாள். இவற்றினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கவிஞர் வேண்டுமென்றே உள்தள்ளி வைத்த அடியும், விட்ட வெற்றிடமும் வெறும் உரையாக எடுக்கும்போது அழிந்துவிடக்கூடும். புதுக்கவிதையில் அடியின் முறிவு மூச்சின் முறிவன்றோ? உயிருடன் இருக்கும் கவிஞர் தம் கவிதையைப் பார்த்துத் திருத்திக்கொள்வார். இப்பத்தாண்டில் நம்மை விட்டுப் பிரிந்தோர்க்கு யார் திருத்துவார்? அச்சிட்ட நூலை அருகில் வைத்து, அடிதோறும் ஒப்பிட்டுப் பார்க்கும் கடன் நம்முடையது.

நாளை ஒருங்குறியும் பழையதாகிவிடாதா என்று வினவலாம். ஒருமுறை அதில் இடம்பெற்ற எழுத்து பின்னர் இடம்மாறவோ நீக்கப்படவோ மாட்டாது என்பது, 1996இல் வெளிவந்த 2.0ஆம் பதிப்பு முதல் காக்கப்பட்டுவரும் விதி. 2019இல் 12.0ஆம் பதிப்பு தமிழ்ப் பின்ன எண்கள் முதலாய 51 குறிகளைச் சேர்த்தபோதும், பழைய எழுத்து ஒன்றும் இடம்பெயரவில்லை. மென்பொருளின் பதிப்புகள் மாறிக்கொண்டே இருக்கும். நிலையான குறியில் அமைந்த எழுத்து அம்மாற்றங்களைக் கடந்து நிற்கும். எனவே மென்பொருளைத் தேரும்போது, அது நம் எழுத்தைத் தனக்குள் பூட்டிக்கொள்ளுமா, பிறவும் படிக்குமாறு வெளியே தருமா என்பதையே முதலில் வினவ வேண்டும்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளர்க்கு இவ்வுண்மை புதிதன்று. களிமண் குழம்பை ஊற்றும் சுண்ண அச்சு, பலமுறை வார்த்தபின் தேய்ந்துவிடும். மூல அச்சைப் பாதுகாத்து வைத்திருப்போர் அதிலிருந்து புதிய அச்சு எடுத்துக்கொள்வர். அதனைத் தொலைத்தோர்க்குத் தேய்ந்த பொம்மையே மிஞ்சும். அச்சு என்னும் சொல் அவர்களுக்கும் நமக்கும் பொது. ஒருங்குறியில் அமைந்த, பிழை திருத்திய தூய உரையே நம் மூல அச்சு.

நிறைவாக வட்டத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். பழைய கோப்புகளையும் அவற்றின் எழுத்துருக்களையும் அழிக்காது, படியெடுத்து வெவ்வேறு மூன்று இடங்களில் வைப்போம். ஒவ்வொரு தொகுப்பையும் ஒருங்குறியாக்கி, மறைந்தோர் நூல்களை முதலில் எடுத்து, இருவர் கூடி ஒப்பிட்டுத் திருத்துவோம். இனிவரும் நூல்களை முதல் எழுத்திலிருந்தே ஒருங்குறியில் அமைப்போம்.

திருமுதுகுன்றம் விருத்தாசலம் ஆயிற்று. ஒலி முழுதும் மாறிற்று; முதிய மலை என்னும் பொருள் மாறவில்லை. நம் கவிதைகளும் அவ்வாறே, குறி மாறினும் பொருளும் மூச்சும் மாறாமல் அடுத்த தலைமுறையின் கையைச் சேர வேண்டும்.