பாஞ்சோவின் ஐந்து தந்திகளும் கேபிளின் எட்டு ஒயர்களும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பாஞ்சோ என்றதும் இசைக் கருவிதான் நினைவுக்கு வரும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு போகப்பட்ட மக்களிடம் பிறந்து அமெரிக்காவில் பரவிய கருவி அது. வட்டமான தோல் முகம், நீண்ட கழுத்து, பெரும்பாலும் ஐந்து தந்திகள். எங்கள் தொழிலிலும் ஒரு பாஞ்சோ உண்டு. டெலிபோன், நெட்வொர்க் கேபிள்களைச் சோதிக்கும் அடாப்டரின் செல்லப்பெயர் அது. உருண்டைத் தலையும் குட்டை வாலுமாக இருப்பதைப் பார்த்தாலே பெயர்க் காரணம் புரிந்துவிடும். கேபிளை இதில் செருகினால், உள்ளே உள்ள ஒவ்வொரு ஒயருக்கும் எண் போட்ட ஓர் உலோக முனை வெளியே கிடைக்கும். ஒயரை வெட்டாமல், உரிக்காமல், கிளிப் மாட்டிச் சோதிக்கலாம்.

பெயர் மட்டும்தான் ஒற்றுமையா? இல்லை. தந்தி அறுபடாமல் இருந்தால் மட்டும் சங்கீதம் வந்துவிடாது. ஒவ்வொன்றாக மீட்டிச் சுருதி கூட்ட வேண்டும். கேபிளும் அப்படித்தான்.

சங்ககிரி லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே ஒரு லாரி ஆபீசில் புதிதாகக் கேபிள் இழுத்தார்கள். கம்ப்யூட்டர் அடிக்கடி இணைப்பை விட்டுவிடும். 2018-க்குப் பிறகு இ-வே பில் இல்லாமல் பெரிய சரக்கு நகராதே! "நாலு வண்டி வாசல்ல நிக்குதுங்க" என்று முதலாளி தவித்தார். ஒயரிங் செய்த தம்பியோ, "எட்டு லைட்டும் வரிசையா எரியுதுங்கண்ணா, லைன் ஓகேங்க" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை.

கேபிளின் இரு முனையையும் கழற்றி, பாஞ்சோவை மாட்டினேன். 3, 6 முனைகளில் ஒலி எழுப்பும் கருவியை இணைத்து, 4, 5 முனைகளில் காது கொடுத்தேன். லேசாகக் கூடக் கேட்கக் கூடாத சத்தம் கணீரென்று கேட்டது! 3-உம் 6-உம் ஒரே ஜோடியாக முறுக்கப்பட்டிருக்க வேண்டும். தம்பி 3-4, 5-6 என்று வரிசையாக ஜோடி சேர்த்துவிட்டார். ஒயர் எல்லாம் அந்தந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லைட் எரிந்தது. ஜோடி பிரிந்ததால் ஒன்றின் பேச்சு மற்றொன்றில் கலந்தது. முனைகளை மாற்றி அடித்ததும் சரியாகிவிட்டது.

ஒரு தந்தியை மீட்டினால் சுருதி சேர்ந்த அடுத்த தந்தியும் அதிரும். இசையில் அது இனிமை. கேபிளில் அதுவே தொல்லை. அதைத் தடுக்கத்தான் இரண்டிரண்டு ஒயராக முறுக்குகிறோம். டெலிபோன் கண்ட கிரகாம் பெல் 1881-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

தம்பி தங்கைகளே, லைட் எரிவது வேறு, வேலை நடப்பது வேறு. லைட்டைப் பார்த்து பில் போடுபவர்கள் ஊரில் நிறையப் பேர். காது கொடுத்துக் கேட்பவர்களாக நீங்கள் வர வேண்டும். லேபில் வயரைத் தொடும்போதே அந்தப் பழக்கத்தைத் தொடங்குங்கள்.