தகரப் பெட்டி யாருக்கு?

பங்கு பிரிக்கும்போது நகைக்குச் சண்டை வருவதுண்டு. பழைய தகரப் பெட்டிக்குச் சண்டை வந்ததாக எங்கேனும் கேட்டதுண்டா?

பல வீடுகளில் நடப்பதுதான். தாயார் மறைந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. ஈசூனில் உள்ள மூவறை வீட்டைக் காலி செய்யப் பிள்ளைகள் நால்வரும் கூடியிருக்கிறார்கள். நகையைப் பிரிக்க ஒரு மாலைப்பொழுது போதும். கட்டிலுக்கடியிலிருந்து வந்த பெட்டியைத் திறந்தால் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள், தாத்தாவின் கப்பல் சீட்டு, பழைய அடையாள அட்டை, ஊரிலிருந்து வந்த கடிதக் கட்டு, பாட்டியின் பாக்குவெட்டி. “எங்கள் வீட்டில் இடமேது? நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா,” என்கிறார் தம்பி. அக்காவோ மகன் வீட்டில் ஓர் அறையில் இருப்பவர். இந்தச் சமயம் பார்த்துத்தான் கீழே காராங்குனிக்காரரின் ஹாரன் சத்தம் கேட்கும்!

1926 முதல் 1973 வரை ரஜூலா கப்பல் சென்னை, நாகப்பட்டினம் துறைமுகங்களிலிருந்து ஆட்களை பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஏற்றி வந்தது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களில் நாட்குறிப்பு எழுதியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வந்ததற்கும் வாழ்ந்ததற்கும் இந்தப் பெட்டிகளே சாட்சி.

கொடுக்க இடம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு கேம்பல் லேனில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இருக்கிறது. மலேசியாவிலும் தேசிய ஆவணக் காப்பகம் உண்டு. ஆனால், கொண்டுபோனதையெல்லாம் அங்கே வாங்கி அடுக்கிவிட மாட்டார்கள். மாலையும் கழுத்துமாக நிற்கும் திருமணப் படத்தைவிட, கடை வாசலில் பெயர்ப்பலகை தெரிய எடுத்த மங்கிய படம் அவர்களுக்குப் பெரிதாகப்படலாம். நிரந்தரமாகக் கொடுப்பதா, நகலெடுத்தபின் திரும்பப் பெறுவதா என்பதை உடன்பிறந்தார் எல்லாரும் பேசி முடித்த பிறகே கையெழுத்திட வேண்டும். பிறகு வருந்திப் பயனில்லை.

அங்கே முதலில் எழும் கேள்வி, படத்தில் இருப்பது யார், எந்த இடம், எந்த ஆண்டு என்பதுதான். பதில் இல்லாத படத்துக்கு எங்கேயும் மதிப்புக் குறைவு. அதனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்கு ஓடுவதற்கு முன், குடும்பத்தில் மூத்தவர் யார் என்று பார்க்க வேண்டும்.

பெயர்களைப் பேனாவால் எழுதக் கூடாது. அழுத்தம் முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதலாம். பென்சில் பிடிக்காத வழுவழுப்பான தாள் என்றால் உறைமேல் எழுதலாம். பசைத் தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல், அப்படியே கைத்தொலைபேசியில் படமெடுத்து வைப்பது நல்லது. சாமி அறையில் மாட்டிய படங்களையும் பார்க்கவேண்டும். கண்ணாடிமேல் ஆண்டுக்கணக்கில் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். உள்ளே ஈரம் இறங்கிப் படம் கண்ணாடியோடு ஒட்டியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பக்தியில் குறையில்லை, பாதுகாப்பில்தான் குறை.

அந்த ஈசூன் குடும்பத்தில் இன்னும் ஓர் அத்தை இருக்கிறார். எண்பத்தாறு வயது, தோ பாயோவில் மகளோடு இருக்கிறார். பால்மரக் காட்டில் பதினொரு பேர் நிற்கும் படத்தில் அத்தனை பேரையும் பெயர் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான். மதியம் சற்றுநேரம் கண்ணயர்வார். நான்கு மணிக்குப் பெட்டியோடு போனால் பேசுவார்.