தத்துப் பிள்ளையும் படைவீரர் இல்லமும்

(காளஹஸ்தியில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பொன்முகலி ஆற்றங்கரையில், கண்ணப்பர் தம் கண்ணையே ஈந்த மலையடியில் வாழும் பேறு பெற்றவர்கள் நாம். அப்பெருமானின் பெற்றோராகிய நாகனும் தத்தையும் நெடுநாள் மகப்பேறின்றி வருந்தி முருகனை வேண்டிய வரலாற்றைச் சேக்கிழார் உரைக்கின்றார். அவ்வருத்தம் இன்றும் பல இல்லங்களில் உண்டு. மகவில்லா இல்லம் இருப்பது போலவே இல்லமில்லா மகவும் உண்டு. இவ்விரண்டையும் இணைப்பதே தத்து. தாயால் கைவிடப்பெற்ற ஆபுத்திரனை இளம்பூதி எடுத்து வளர்த்ததை மணிமேகலை பேசுகின்றது. ஆதலின் இது நமக்குப் புதிதன்று.

இன்று இதனைப் பேசக் காரணம் உண்டு. நம் காலனியில் வளர்ந்து படையிற் பணிபுரியும் ஓர் இளைஞரும் அவர் துணைவியாரும் பிள்ளையின்றி ஏங்கினர். விடுமுறையில் வந்த அவரைத் தரகர் ஒருவர் அணுகி, "குழந்தையை உடனே தருகிறோம், முத்திரைத் தாளில் ஒரு கையெழுத்துப் போதும்" என்றார். நம்மிற் பலரும் "நல்லதுதானே" என்று தலையசைத்தோம். அது நம் பிழை. சட்டம் அறிந்த நண்பர் ஒருவர் தடுத்திராவிடில் பெரும்பழி நேர்ந்திருக்கும்.

ஏனெனில், குழந்தையை விற்பதும் வாங்குவதும் 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்தாண்டு வரை கடுங்காவல் பெறும் குற்றம். தண்டனையினும் கொடியது ஒன்று உண்டு. முறைப்படி தத்தெடுக்கப்படாத பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லை. எல்லையிலே தந்தை வீழ்ந்தால், குடும்ப ஓய்வூதியம் கேட்டுச் செல்லும் அப்பிள்ளை ஏதிலியாய் நிற்கும்.

இவ்வகைத் தீங்கை உலகம் முன்பே கண்டது. 1953-இல் கொரியப் போர் ஓய்ந்தபின், அயல்நாட்டுப் படைவீரர்க்குப் பிறந்த மழலைகளும் போரிற் பெற்றோரை இழந்த மழலைகளும் கடல் கடந்து அனுப்பப்பெற்றனர். அன்பிலே தொடங்கிய அப்பணி, பின்னாளில் பிறப்பு ஆவணங்கள் திரிக்கப்படும் அளவுக்குச் சீர்கெட்டது. தென்கொரிய உண்மை ஆணையம் இதனை 2025-இல் வெளிப்படுத்தியது. அயல்நாடுகளிற் பணிபுரியும் அமெரிக்கப் படைவீரர்தம் பிள்ளைகளின் குடியுரிமை பற்றி 2019-இல் எழுந்த சிக்கலைத் தீர்க்க, 2020-இல் தனிச் சட்டமே வேண்டியதாயிற்று.

நம் நாட்டிலும், இலட்சுமி காந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதமே வழக்காக ஏற்கப்பெற்றது. அயல்நாட்டார்க்குப் பிள்ளைகளைத் தரும் முறைக்கு 1984-இல் அந்நீதிமன்றம் வரம்பு கட்டியது. 2003-இல் இந்தியா ஹேக் உடன்படிக்கையை ஏற்றது. இன்று மத்தியத் தத்தெடுப்பு ஆணையத்தில் பதிவு செய்து, வீட்டாய்வு முடித்து, வரிசைப்படி காத்திருத்தலே நேர்வழி. அயல்நாடு வாழும் இந்தியர்க்கும் உள்நாட்டார்க்கு நிகரான முன்னுரிமை உண்டு. மாவட்ட ஆட்சியரே தத்து ஆணை வழங்குகின்றார். பெற்றவள் ஒப்படைத்த மகவாயின், அவள் மனம் மாற அறுபது நாள் தரப்படுகின்றது. அத்தாயின் கண்ணீரையும் எண்ணிய சட்டம் இது!

படைவீரர்க்கு இதில் தனித் தொல்லை உண்டு. வீட்டாய்வு முடியுமுன் மாற்றல் வரும். தத்தெடுத்தபின் ஈராண்டு நடைபெறும் கண்காணிப்புக்கிடையேயும் மாற்றல் வரும். இடமாற்றத்தை உடனுக்குடன் அறிவித்தால் இடரில்லை. ஒரு வயதுக்குட்பட்ட மகவைத் தத்தெடுக்கும் பெண் அதிகாரிகளுக்கு இருந்த 180 நாள் விடுப்பைப் பெண் சிப்பாய்களுக்கும் வழங்க 2023-இல் ஒப்புதல் கிடைத்தது மகிழ்ச்சிக்குரியது.

சட்டம் செய்யாததை நாம் செய்தல் வேண்டும். தந்தை எல்லையில் நிற்கையில் அப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எவர் வீட்டுக் கதவு திறக்கும்? "எடுத்த பிள்ளை" என்று எவர் நா கூறாதிருக்கும்? இவற்றுக்கு விடை கூற வேண்டியது இக்காலனியே. ஆந்திர மண்ணில் அண்டை வீட்டார் நம்மை அயலாராய்க் கருதாமல் ஏற்றனர். ஏற்கப்படுதலின் இனிமையை அறிந்த நாம், ஒரு மழலையை ஏற்கத் தயங்கலாமா?

அவ்விளைஞரும் துணைவியாரும் இன்று முறைப்படி பதிவு செய்து காத்திருக்கின்றனர். காத்திருப்பு ஆண்டுக் கணக்கில் நீளலாம். வரும் பிள்ளை நம் பிள்ளை என்று இம்மன்றத்தில் உறுதி கொள்வோமாக!