கண்ணாடிக்குள் உரோமாபுரி

உரோமாபுரிக்குச் செல்லும் உல்லாசப் பிரயாணி அங்கே முதலிற் காண்பது உடைந்த கற்களையே. பண்டைக் காலத்தில் அந்நகரின் பொதுமன்றமாக விளங்கிய ஃபோரம் என்னும் வெளியிலே ஒருபுறம் மூன்று தூண்கள் தனித்து நிற்கின்றன. மறுபுறம் எட்டுத் தூண்கள் ஒரு விட்டத்தைத் தாங்கி நிற்கின்றன. இடையிலே கிடப்பன அத்திவாரங்களும் செங்கற் சுவர்களும் புற்றரையுமே. மூன்று தூண்கள் நிற்குமிடம் காஸ்டர், பொலக்ஸ் என்னும் இரட்டைத் தெய்வங்களின் கோயில் என்றும், எட்டுத் தூண்கள் நிற்குமிடம் சற்றேண் என்னும் தெய்வத்தின் கோயில் என்றும் வழிகாட்டி சொல்லிக்கொண்டு போவார். கேட்பவர் தலையசைப்பார். எனினும், மூன்று தூண்களைக் கொண்டு ஒரு கோயிலையும், அக்கோயிலைக் கொண்டு ஒரு நகரையும் மனக்கண்முன் எழுப்புதல் எல்லோர்க்கும் இயலுவதன்று. கையிலுள்ள படத்தையும் எதிரேயுள்ள கல்லையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெயிலிற் களைத்து நிழல் தேடிப் போகின்றவர்களே பலர்.

இக்குறையைத் தீர்ப்பதற்கென வந்திருக்கின்றது ஒரு கருவி. நீரில் மூழ்குவோர் அணியும் கண்ணாடி போன்று அது கண்களை முற்றாக மூடிக்கொள்ளும். உள்ளே இரண்டு வில்லைகள். அவற்றுக்கு அப்பால் ஒளிரும் திரை. வலக் கண்ணுக்கு ஒரு படமும், இடக் கண்ணுக்கு அதனின்று சிறிது வேறுபட்ட மற்றொரு படமும் காட்டப்படுதலால், மூளை இரண்டையும் இணைத்து ஆழமுள்ள ஒரே காட்சியாகக் கொள்கின்றது. இந்தத் தத்துவம் புதிதன்று. சாள்ஸ் வீற்ஸ்ரன் என்னும் ஆங்கில விஞ்ஞானி 1838ஆம் ஆண்டிலேயே இதனை விளக்கிவிட்டார். புதியது யாதெனின், அணிந்தவர் தலையைத் திருப்புந்தோறும் அதனை உணர்ந்து, அத்திசைக்குரிய காட்சியைக் கணனி அக்கணமே வரைந்து கொடுப்பதாகும். ஒரு செக்கனுக்கு எழுபது, தொண்ணூறு முறை இவ்வாறு வரைந்து கொடுத்தல் வேண்டும். சிறிது பிந்தினாலும், கண் ஒன்றைச் சொல்ல, உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவி வேறொன்றைச் சொல்ல, பார்ப்பவர்க்குக் கப்பற் பிரயாணத்தில் வருவது போன்ற தலைச்சுற்றல் உண்டாகும். இல்லாத ஓரிடத்தில் இருப்பது போன்ற உணர்வைத் தருதலின் இதனை மெய்நிகர்க் காட்சி என்று வழங்குகின்றனர்.

அழிந்த உரோமாபுரியை முழுமையாகக் காணவேண்டும் என்ற ஆசையோ இக்கருவியினும் பழையது. 1888ஆம் ஆண்டில், ஜேர்மனியின் மியூனிக் நகரில், பூல்மன், வாக்னர் என்னும் இருவர், 312ஆம் ஆண்டிற் கொன்ஸ்தந்தீன் மன்னன் வெற்றியோடு உரோமாபுரிக்குள் நுழையும் காட்சியை வட்டமான பெருஞ்சீலையில் தீட்டி வைத்தனர். பார்க்க வந்தோர் அதன் நடுவே நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தனர். பின்னர் 1930களில் இத்தாலோ கிஸ்மொந்தி என்னும் கட்டடக் கலைஞர், உண்மை நகரின் 250இல் ஒரு பங்கு அளவில், சாந்தினால் ஒரு மாதிரி நகரை ஆக்கத் தொடங்கினார். அதனை விரிப்பதிலும் திருத்துவதிலும் பல்லாண்டுகள் செலவிட்டார் அவர்.

கணனிக்குள் உரோமாபுரியை எழுப்பும் வேலை 1990களின் பிற்பகுதியில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. பேர்னாட் பிறிஷர் என்னும் பேராசிரியர் அதற்குத் தலைமை தாங்கினார். 'மறுபிறவி எடுத்த உரோம்' எனப் பொருள்படும் பெயரைத் தாங்கிய அதன் முதற் பதிப்பு 2007ஆம் ஆண்டில் உரோமாபுரியிலேயே வெளியிடப்பட்டது. 2018ஆம் ஆண்டிற் கண்ணாடி அணிந்து பார்க்கக்கூடிய பதிப்பும் வந்தது. அதிற் காட்டப்படுவது கி.பி. 320ஆம் ஆண்டின் நகரம். கொலோசியம் என்னும் வட்டரங்கு சிதையாமல் நிற்கின்றது. கொன்ஸ்தந்தீனின் வெற்றி வளைவு கட்டி முடித்து ஐந்தாண்டுகளே ஆகியிருக்கின்றன. தலைநகர் கிழக்கே பெயர்வதற்கு இன்னும் பத்தாண்டுகள் உள. காண்பவர் பறவைபோல அந்நகர்மேற் பறந்து செல்லலாம். மூன்று தூண்கள் நின்ற இடத்தில் முழுக் கோயிலைக் கண்டவர்கள் வியந்து நிற்பதில் வியப்பில்லை.

இது வெறும் வேடிக்கைப் பொருள் என்று ஒதுக்குவோரும் உளர். அவர்கள் ஒரு செய்தியைக் கேட்டல் நன்று. முதற் சக்கரவர்த்தியான ஒகஸ்தஸ், எகிப்தின் ஹீலியொபொலிஸ் நகரிலிருந்து ஓர் ஒற்றைக்கல் தூணைக் கொணர்ந்து நிறுத்தி, அதன் நிழல் சூரியன் செல்லும் வழியைக் காட்டுமாறு தரையிலே கோடு வகுப்பித்தான். அதற்கு அருகே அவன் பெயரால் எழுந்தது சமாதான பீடம் என்னும் சலவைக்கற் பலிபீடம். சக்கரவர்த்தியின் பிறந்த நாளாகிய செப்டெம்பர் 23ஆந் தேதியன்று தூணின் நிழல் பீடத்தை நோக்கி நீளுமாறு இரண்டும் அமைக்கப்பட்டன என்று, எட்மண்ட் பூக்னர் என்னும் ஜேர்மானிய ஆராய்ச்சியாளர் 1970களில் எழுதினார். கேட்டவர் மனத்தைக் கவர்ந்த கருத்து அது. ஆனால் நேரிற் சென்று சோதித்தல் எவ்வாறு? தூண் 1792ஆம் ஆண்டில் வேறோரிடத்தில் நாட்டப்பட்டது. இன்று அது இத்தாலியப் பிரதிநிதிகள் சபைக்கு முன்னே நிற்கின்றது. பீடமோ 1938ஆம் ஆண்டில் தைபர் ஆற்றங்கரையில் மீள அமைக்கப்பட்டது. இரண்டும் தத்தம் பழைய இடத்தில் இல்லை. இடையிலே வீடுகளும் தெருக்களும் வந்துவிட்டன.

பிறிஷரும் அவருடைய துணைவர்களும் இரண்டையும் கணனியில் அவற்றின் பழைய இடங்களில் நிறுத்தினர். அக்காலத்துச் சூரியன் வானில் நின்ற நிலைகளை அமெரிக்க விண்வெளி ஆய்வு நிலையத்தின் கணிப்பிலிருந்து பெற்றுக்கொண்டனர். பிறந்த நாள் நிழற் கதை பொருந்தவில்லை. மாறாக, ஒக்டோபர் 9ஆந் தேதியன்று, பீடத்துக்கு முன்னாலுள்ள நெடுஞ்சாலையில் நின்று பார்ப்பவர்க்குச் சூரிய வட்டம் தூணின் உச்சியில் அமர்ந்திருப்பது போலத் தோன்றும் என்று கண்டனர். அந்நாள் பலத்தீன் குன்றிலுள்ள அப்பொலோ கோயிலின் விழா நாள். 2013ஆம் ஆண்டில் வெளியான இம்முடிவை எல்லா அறிஞரும் ஏற்றுவிடவில்லை. தூண் நின்ற இடம்பற்றியே வாதம் நடந்தது. ஆயினும், இல்லாது போன ஒரு நகரில் நின்று நிழலை அளந்து பார்க்க முடிகின்றது என்பது சிறிய காரியமா?

நிறத்தின் கதையும் இத்தகையதே. உரோமர் சிற்பம் என்றதும் வெண்சலவைக் கல்லே நினைவுக்கு வரும். ஏறத்தாழ 81ஆம் ஆண்டில் எழுந்த தீத்துஸ் மன்னனின் வெற்றி வளைவில், எருசலேம் கோயிலிலிருந்து கொள்ளையிட்ட ஏழு கிளை விளக்கைச் சுமந்து செல்லும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. 2012ஆம் ஆண்டில் ஆய்வாளர் அதனை நுணுகிச் சோதித்தபோது, விளக்கின்மீது மஞ்சட் காவியின் எச்சம் தெரிந்தது. பொன் விளக்குப் பொன்னிறமாகவே தீட்டப்பட்டிருந்தது. அந்தப் பழங்கல்லின்மீது எவரும் தூரிகை வைக்கத் துணியார். கண்ணாடிக்குள்ளே நிறத்தைத் தீட்டலாம், தவறெனக் கண்டால் அழிக்கலாம். இவ்வகையிற் கணனி கொங்கிறீற்றினும் மேலானது. கிரீற் தீவின் குனொசொஸ் மாளிகையை ஆதர் எவன்ஸ் தம் கருத்துப்படி கொங்கிறீற்றினால் நிமிர்த்தி வைத்தார். இன்று அங்கே பழையது எது, எவன்ஸ் கட்டியது எது என்று பிரித்தறிய முடியாமல் விழிப்போர் எத்தனையோ பேர்.

இனி மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். கணனி நகரின் முதற் பதிப்பில் ஏறத்தாழ 7,000 கட்டடங்கள் இருந்தன. அவற்றுள், எவ்விடத்தில் எவ்வுருவில் நின்றன என்று தெளிவாகத் தெரிந்தவை சுமார் 250. எஞ்சியவை? நான்காம் நூற்றாண்டுப் பட்டியல்கள் இரண்டு கிடைத்துள்ளன. நகரின் பதினான்கு வட்டாரங்களிலும் எத்தனை மாளிகைகள், எத்தனை குடியிருப்புத் தொகுதிகள் என்று அவை எண்ணிக் கூறுகின்றன. மாளிகைகள் 1,800 வரை. தொகுதிகள் 40,000க்கு மேல். தொகுதி என்பது முழுக் கட்டடத்தைக் குறிக்குமா, அதன் ஒரு பகுதியைக் குறிக்குமா என்பதே தீராத வழக்கு. இத்தகைய எண்ணிக்கையைக் கொண்டுதான் எஞ்சிய வீடுகள் நிரப்பப்பட்டன. அவை பிழையானவை அல்ல. அக்காலத்து வீடு இப்படி இருந்திருக்கலாம் என்பதே அவற்றின் பொருள். ஆனால் கண்ணாடி அணிந்தவர்க்கு அந்த 'இருந்திருக்கலாம்' தெரிவதில்லை. அளந்தறிந்த கோயிலும் ஊகித்து வைத்த வீடும் ஒரே வெயிலில், ஒரே தெளிவுடன் நிற்கின்றன. இடிந்த சுவர் தனக்குத் தெரியாததைத் தன் உடைவினாலேயே சொல்லிவிடும். முழுச் சுவருக்கு அந்த நேர்மை இல்லை.

இன்னொன்றும் உண்டு. அந்த ஊகங்கள் எங்கிருந்து வந்தன? மேலே கூறிய கிஸ்மொந்தியின் சாந்து நகரை மிலான் நகர்ப் பொறியியலறிஞர் லேசர்க் கதிரால் அளந்து கொடுத்தனர். முதற் பதிப்பின் பெரும்பகுதி அதிலிருந்தே எடுக்கப்பட்டது. அச்சாந்து நகர் ஆக்கப்பட்ட காலமோ முசோலினியின் ஆட்சிக் காலம். ஒகஸ்தஸ் பிறந்து ஈராயிரம் ஆண்டு நிறைந்ததெனக் கூறி, 1937ஆம் ஆண்டில் அவ்வாட்சி நடத்திய பெருங் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. பழைய உரோமின் பெருமையைத் தன் பெருமையாகக் காட்டிக்கொள்வதே அந்தச் சர்வாதிகாரியின் நோக்கம். அதே நோக்கத்துடன் கொலோசியத்திலிருந்து தன் அலுவலக மாளிகைவரை நேர்ச்சாலை ஒன்றை வெட்டி, 1932ஆம் ஆண்டில் அதனைத் திறந்து வைத்தான். அதற்காக அலசாந்திரினோ என்னும் பழைய குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டது. அங்கு வாழ்ந்த ஏழை எளியோர் நகர்ப்புறத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். கிஸ்மொந்தி வல்ல கலைஞர். அவருடைய உழைப்பை அறிஞர் இன்றும் மதிக்கின்றனர். ஆயினும், ஒரு காலத்தின் விருப்பு வெறுப்புக்கள் சாந்துக்குள் புகுந்து, சாந்திலிருந்து கணனிக்குள் புகுதல் எளிது என்பதைப் பார்ப்போர் அறிந்திருத்தல் நன்று.

320ஆம் ஆண்டைத் தெரிந்தெடுத்ததும் ஒரு முடிவே. அந்த ஆண்டைக் காட்டும்போது, இடிபட்ட அந்த அலசாந்திரினோத் தெருக்கள் தெரியமாட்டா. இடைக்கால நகரமும் தெரியமாட்டாது. ஏன், பண்டை நகரிலேயே மறைந்து போவன உள. தொமிசியன் மன்னன் காலத்தில் மிளகுப் பண்டசாலை ஒன்று ஃபோரத்துக்கு அருகே எழுந்தது. முசிறித் துறையிலே மரக்கலம் ஏறிய சேர நாட்டு மிளகு அங்கே தான் வந்து குவிந்தது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு மீண்ட செய்தியைச் சங்கப் பாட்டிற் படித்தவர்கள், அந்த மிளகு எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைக் கண்ணாற் காண விரும்பலாம். 320ஆம் ஆண்டு நகரில் அவர்கள் அதனைத் தேடிப் பயனில்லை. மக்சென்சியஸ் தொடங்கிக் கொன்ஸ்தந்தீன் முடித்த மாபெரும் மண்டபம் அதன்மேல் ஏறி அமர்ந்துவிட்டது. மண்ணைத் தோண்டியவர்களே அதன் சுவர்களைக் கண்டனர்.

மக்களைக் காட்டுவதிலும் கண்ணாடி இன்னும் பின்தங்கியே நிற்கின்றது. பத்து இலட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் எனப்படும் நகர் அது. அங்கே நீர் சுமந்த அடிமையும், ஐந்தாம் மாடியில் ஒடுங்கிக் கிடந்த கூலிக்காரனும், எண்ணெய்ச் சாடியோடு படகிலிருந்து இறங்கியவனும் இல்லாத வெள்ளை வீதி எத்தனை அழகாயினும் வெறும் வீதியே. கல்லை வரைதல் எளிது. கூட்டத்தை வரைதல் கடினம். அதனால் நேர்ந்த குறை இது.

இக்குறைகளுக்கிடையே, கருவி பொருந்திய இடம் எது என்று கேட்டால் நீரோவின் பொன்மாளிகையைச் சொல்ல வேண்டும். 64ஆம் ஆண்டுப் பெருந்தீயின் பின் நீரோ கட்டிய அம்மாளிகையைப் பின்வந்தோர் மண்ணிட்டு மூட, ட்ராஜான் மன்னன் அதன்மேற் குளிப்பு மண்டபங்களைக் கட்டினான். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஓவியர்கள் கூரைத் துளைகள் வழியாகக் கயிற்றில் இறங்கி, பந்த வெளிச்சத்தில் அதன் ஓவியங்களைக் கண்டனர். 2017ஆம் ஆண்டு முதல், பாதுகாப்புத் தலைக்கவசத்தோடு உள்ளே செல்வோர், பொன் விதானம் பெற்ற மண்டபத்தில் அமர்ந்து இந்தக் கண்ணாடியை அணியலாயினர். இருண்ட குளிர்ந்த சுரங்கம் மறைந்து, மண்டபத்துக்கு வெயில் வருகின்றது. முன்னே பூங்காவும் வெளியும் விரிகின்றன. கண்ணாடியைக் கழற்றியதும் ஈரச் சுவர் எதிரே நிற்கின்றது. ஊகமும் உண்மையும் ஒரே இருக்கையில் இருந்து ஒப்பிடக்கூடியவை ஆகின்றன. அந்த ஈரமோ பொல்லாதது. மேலேயுள்ள பூங்காவின் மண் பாரமும் மரவேர்களும் மழைநீரும் விதானத்தை வருத்துகின்றன. 2010ஆம் ஆண்டில் மேலிருந்த குளிப்பு மண்டபப் பகுதி ஒன்று இடிந்து வீழ்ந்தது. கண்ணாடி வாங்கும் பணத்தினும் பன்மடங்கு பணம் நீர் வடிக்க வேண்டியிருக்கின்றது. அதற்குக் கைதட்டுவார் இல்லை.

அறிஞர் வாளாவிருக்கவில்லை. 2006ஆம் ஆண்டில் முதலில் எழுதி, 2009ஆம் ஆண்டிற் திருத்தப்பட்ட 'இலண்டன் சாசனம்', காட்டப்படுவது இன்றுள்ள நிலையா, சான்று கொண்டு நிரப்பியதா, வெறும் ஊகமா என்பதைப் பார்ப்பவர்க்குத் தெரிவித்தல் வேண்டும் என விதிக்கின்றது. விதியைப் பின்பற்றுவது கடினமுமன்று. ஊகித்த வீட்டை மங்கிய நிறத்திற் காட்டலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் அறிந்தது மட்டும் எஞ்சுமாறு செய்யலாம். ஆனால் பறக்கும் காட்சிக்குப் பணம் கொடுத்தவர் மங்கிய வீட்டை விரும்புவாரோ என்று விற்பவர் அஞ்சுகின்றனர்.

இவ்விஷயத்தில் உரோமாபுரியிலேயே வேறொரு வழியும் காட்டப்பட்டுள்ளது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செப்டிமியஸ் செவெரஸ் மன்னன், நகர் முழுவதையும் 150 சலவைக்கற் பலகைகளிற் செதுக்கி ஒரு சுவரில் பதிப்பித்தான்; 18 மீற்றர் அகலமும் 13 மீற்றர் உயரமுங் கொண்ட படம் அது. கணனி நகரை எழுப்பியோர் முதலில் நாடும் சான்றுகளுள் அதுவும் ஒன்று. பத்திலொரு பங்களவே கிடைத்துள்ளது. முதல் துண்டுகள் 1562ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. 2024ஆம் ஆண்டு சனவரியிற் சேலியன் குன்றில் அதற்கென ஒரு நூதனசாலை திறக்கப்பட்டது. அங்கே, நொல்லி என்பார் 1748ஆம் ஆண்டில் வரைந்த நகர்ப்படத்தைத் தரையாக விரித்து, கற்றுண்டுகளை அவையவை இருக்கவேண்டிய இடத்தில் வைத்து, மேலே கண்ணாடி பரப்பியுள்ளனர். வருவோர் அதன்மேல் நடந்து செல்கின்றனர். காலடியில் ஒரு துண்டு. அடுத்த துண்டு வருமுன் பல அடி தூரம் நடக்க வேண்டியிருக்கின்றது.